ஏப்ரல் கணக்கு – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்க பேஸ்பாலில் 2023இல் பைரேட்ஸ் அணி 20-9 (20 வெற்றி, 9 தோல்வி) என்று ஓடியதைப் பார்த்து நம்பி ஏமாந்தேன். 2024இல் மெட்ஸ் 0-5 என்று தொடங்கியதும் ‘இந்த வருஷம் அவ்வளவுதான்’ என்று கைகழுவினேன். அவர்களோ நேஷனல் லீக் (அங்குள்ள இரண்டு லீக்குகளில் ஒன்று) இறுதிச் சுற்றுவரை போனார்கள். சீசன் தொடக்கத்தில் எதைத்தான் நம்புவது?

கே., நியூ ஜெர்சி

அன்புள்ள கே.,

ஐபிஎல்லில் 14 ஆட்டத்தோடு ஓர் அணியின் லீக் சுற்றே முடிந்துவிடும். பேஸ்பாலில் 162. முதல் 25 ஆட்டம் என்பது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

எனவே ஏப்ரல் புள்ளிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அதோடு கற்பனையாக 70 ஆட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரக்காரர்கள் வழக்கமாக 35-35 என்று சேர்ப்பார்கள். போன வருட விகிதத்தில் சேர்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 2023இல் ரேஸ் என்ற அணி 13-0 என்று தொடங்கியது. 1900க்குப் பின் அதற்குமுன் அப்படித் தொடங்கியவை 1982 பிரேவ்ஸும் 1987 புரூவர்ஸும் மட்டுமே. ரேஸின் 2022 கணக்கு 86-76. அந்த விகிதத்தில் 70 ஆட்டத்துக்கு 37 வெற்றி. பதின்மூன்றையும் கூட்டினால் 83க்கு 50. மீதி 149 ஆட்டத்துக்கு அதே விகிதம் என்றால் மொத்தம் 103 வரும். கடைசியில் கிடைத்தது 99. அந்த 13 வெற்றிகளும் யாரிடமிருந்து வந்தன? டைகர்ஸ், நேஷனல்ஸ், ஏ’ஸ், ரெட் சாக்ஸ். நான்குமே அந்த வருடம் பாதி ஆட்டங்களைக்கூட வெல்லவில்லை. ஏ’ஸ் 112 தோற்றது.

உங்கள் பைரேட்ஸ் 2022இல் 62-100. அதை வைத்துப் போட்டால் 83 வருகிறது. முடிந்தது 76. அவர்களின் ஷார்ட்ஸ்டாப் (உள்வட்ட ஃபீல்டர்) ஓனீல் குரூஸ் ஏப்ரல் 9 அன்றே ஹோம் பிளேட்டில் (ஓடி வந்து ரன்னை முடிக்கும் இடத்தில்) மோதிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். 20-9 பளபளப்பில் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்து, ரன்கள். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கமும் கொடுத்த ரன் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் உத்தேச வெற்றி விகிதம் கிடைக்கும். 25 ஆட்டத்தில் 100 ரன் எடுத்து 105 கொடுத்த அணிக்கு அது .476, அதாவது 12 வெற்றி. அந்த அணி 15-10 என்று நின்றால், ஒரு ரன் வித்தியாச ஆட்டங்கள் தற்செயலாக அதன் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பொருள்.

பேட்டரின் ஏப்ரல் சராசரியை விட்டுத்தள்ளுங்கள். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) விகிதத்தைப் பாருங்கள், அது சீக்கிரம் உண்மை பேசும். பிட்சரிடம் (பந்து வீசுபவரிடம்) பார்க்க வேண்டியது பந்தின் வேகம். ஆனால் போன ஏப்ரல் வேகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். குளிரில் எல்லோருக்கும் வேகம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், வெயில் ஏற ஏறக் கூடும். போன ஏப்ரலைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்தால் தோளையோ முழங்கையையோ சந்தேகப்படலாம்.

தோல்வியில் தொடங்கும் அணியிடம் ஓட்டை எங்கே என்று கேளுங்கள். 2019 நேஷனல்ஸ் 50 ஆட்டத்தில் 19-31. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களான ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின் நன்றாகவே வீசினார்கள், ஒழுகியது புல்பென், அதாவது அவர்களுக்குப் பின் மாற்றாக வந்து வீசுபவர்கள். புல்பென்னை ஜூலையில் ஆள் வாங்கிச் சரிசெய்துவிடலாம். அப்படி வந்த டேனியல் ஹட்சன்தான் சாம்பியன் பட்டத் தொடரான வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட்டை எடுத்தார். 2025 பிரேவ்ஸ் கதை வேறு. 0-7 தொடக்கம், ஏழும் பாட்ரெஸ், டாட்ஜர்ஸ் ஊர்களில். அட்டவணை கடினம் என்று சொல்லித் தேற்றிக்கொண்டவர்கள் நிறைய. ஆனால் பிட்சர் ரெய்னால்டோ லோபெஸ் ஒரே ஒரு ஆட்டம் வீசிவிட்டுத் தோள் சிகிச்சைக்குப் போனார், பேட்டர் புரோஃபாருக்கு 80 ஆட்டத் தடை, இன்னொரு பேட்டர் அகுனா காயத்திலிருந்து திரும்பவே மே மாதக் கடைசி ஆனது. அட்டவணை போகப்போக இளகும், ஆள் இல்லாததற்கு என்ன செய்வது? 76-86இல் முடிந்தது.

மெட்ஸ் விஷயத்தில் 0-5ஐவிட மே மாத இறுதியில் நின்ற 22-33தான் மோசமான எண். மேலே சொன்ன வழியில் போட்டால் 69 வெற்றிதான் தேறும். வந்தது 89, கணக்கு இருபது வெற்றி தப்பியது. காரணம், அணியே மாறிவிட்டது. லிண்டோர் மே நடுவில் முதல் பேட்டராக ஏறினார். சீசன் தொடக்கத்தில் டிரிப்பிள்-ஏவில் (ஒரு படி கீழான லீக்கில்) இருந்த வியன்டோஸ் மூன்றாம் பேஸுக்கு வந்து 27 ஹோம் ரன் அடித்தார். 2022 முதல் லீக்குக்கு ஆறு அணிகள் பிளேஆஃப் போவதால் அந்த 89க்கும் ஓர் இடம் கிடைத்தது.