இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்குப் போகும் லாங்கோலன் கால்வாயில் வாடகைப் படகு ஓட்டும்போது முன்னால் மெதுவாகப் போகும் படகை முந்தலாமா?

முந்தலாம், ஆனால் முன்னால் போகிறவர் சம்மதித்தால்தான். சாலையில் முந்துவது பின்னால் வருபவரின் வேலை. கால்வாயில் முக்கால்வாசி வேலை முன்னால் போகும் படகுக்காரருடையது. அவர் வேகத்தைக் குறைக்காமல் நீங்கள் என்ன முறுக்கினாலும் நடக்காது. காரணம் தண்ணீர்தான்.

நீங்கள் எடுக்கப்போவது 57 அடி நேரோபோட், அதாவது குறுகிய கால்வாய்களுக்கான ஒடுங்கிய நீளப் படகு. அகலம் 6 அடி 10 அங்குலம், எடை 15 டன்னுக்குக் குறையாது. தண்ணீருக்குள் இரண்டு, இரண்டரை அடி அமிழ்ந்திருக்கும். கால்வாயில் நடுவில்தான் ஆழம், இரு ஓரமும் சேறும் கல்லும். படகு முன்னே தள்ளும் தண்ணீர் முழுவதும் பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கும் சிறு இடைவெளி வழியாகப் பின்னால் ஓடியாக வேண்டும். அது வேகமாக ஓடும் இடத்தில் நீர்மட்டம் இறங்கும். இரண்டு படகுகள் பக்கத்தில் வந்தால் நடுவில் உள்ள இடுக்கில் மட்டம் இன்னும் இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். கரைப்பக்கமும் இதே கதைதான்: பின்முனை கரையை நோக்கி இழுபட்டுச் சேற்றில் உட்கார்ந்துவிடும். வேகத்தைக் கூட்டினால் இழுப்பும் கூடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வேக வரம்பு மணிக்கு 4 மைல். முன்னால் போகிறவர் 3 மைலில் போய்க்கொண்டே இருக்க, நீங்கள் 4 மைலில் முந்தினால், உங்கள் முன்முனை அவருடைய பின்முனையைத் தொட்டது முதல் முழுதாகக் கடக்கும் வரை ஏறக்குறைய 80 விநாடி, 140 மீட்டர். அவ்வளவு தூரம் நேராக, அகலமாக, எதிரில் படகில்லாமல் கிடைப்பது அபூர்வம். அவர் 1 மைலுக்கு இறங்கி, நீங்கள் 3 மைலில் போனால் 40 விநாடி, 50 மீட்டருக்குச் சற்று மேல். கரையில் அலையும் உடையாது. அதனால்தான் அவர் வேகம் குறைப்பதுதான் முதல் வேலை என்கிறேன்.

எப்படிக் கேட்பது? இரண்டு மூன்று படகு நீளம் பின்னால் நின்று வாருங்கள். நெருங்கி ஒட்டிக்கொண்டே வருவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. படகுக்குப் பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கும்போது கையைக் காட்டுங்கள், குரல் கொடுங்கள். நம் ஊர் லாரிக்குப் பின்னால் ஹாரன் அடிப்பது போல இங்கே அடிக்காதீர்கள். நீண்ட ஒரு ஹாரன் என்றால் இங்கே மறைவான வளைவு, பாலம் போன்ற இடங்களில் "நான் வருகிறேன்" என்ற எச்சரிக்கை. முந்துவதற்கென்று கடல் விதிகளில் இரண்டு நீண்ட ஒலியோடு குறுகிய ஒலிகள் சேர்ந்த சைகை உண்டு. ஆனால் வாடகைப் படகில் இருப்பவருக்கு அது புரியும் என்று நம்பாதீர்கள்.

எந்தப் பக்கம் என்பதை அவர்தான் சொல்வார். பொதுவாக அவர் வலது கரை பக்கம் ஒதுங்குவார், நீங்கள் இடப்பக்கமாகப் போவீர்கள். பழைய சரக்குப் படகாக இருந்தால் மூன்றடிக்கு மேல் அமிழ்ந்திருக்கலாம். அதனால் ஓரம் போக முடியாது. அவர் இடம் காட்டும் வரை பொறுத்திருங்கள்.

சைகை வந்ததும், அவர் உண்மையிலேயே வேகம் குறைத்துவிட்டாரா என்று பார்த்த பிறகுதான் விலகுங்கள். எவ்வளவு இடைவெளி கிடைக்குமோ அவ்வளவு விடுங்கள். முழுதாகக் கடந்து, உங்கள் பின்முனைக்கும் அவர் முன்முனைக்கும் நல்ல தூரம் வந்த பிறகே நடுவுக்குத் திரும்புங்கள். சீக்கிரம் திரும்பினால், படகு நடுவை அச்சாக வைத்துச் சுழல்வதால் உங்கள் பின்முனை எதிர்க்கரைப் பக்கம் வீசும், படகு அவர் பாதைக்குக் குறுக்கே வரும்.

அதையும் மீறி இரண்டும் ஒட்டிக்கொண்டால் இருவருமே ஐடிலுக்கு இறங்குங்கள். இழுப்பு விட்டதும் ஒருவர் மட்டும் மெல்ல முன்னே போகலாம். டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை) மாற்றி மாற்றிப் போட்டால் பின்முனைதான் இடிக்கும். கையையோ காலையோ நீட்டித் தள்ள வேண்டாம், குழந்தைகளிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். 15 டன்னுக்கும் 15 டன்னுக்கும் நடுவில் கால் மாட்டினால் எலும்பு மிஞ்சாது.

உங்களை ஒருவர் முந்தினால், ஐடிலுக்கு இறங்குங்கள், ஆனால் கியரிலேயே வையுங்கள். நியூட்ரலுக்குப் போனால் புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கானில் படாது, டில்லர் வேலை செய்யாது, படகு இழுத்த பக்கம் போகும்.

லாங்கோலனுக்கு மட்டும் பொருந்தும் ஒன்று உண்டு. டீ (Dee) ஆற்று நீர் இந்தக் கால்வாய் வழியாகத்தான் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. ஆகவே நீரோட்டம் உண்டு, லாங்கோலன் ஊரை நோக்கிப் போகையில் எதிர்நீச்சல்தான். பாலத்தடியில் கால்வாய் குறுகுவதால், அங்கே நுழையும் படகு திடீரென நின்றதுபோல் மெதுவாகும். புதியவர்கள் இதை வழி விடுவதாக நினைத்து இடப்பக்கம் நுழைந்து, பாலச் சுவரில் முட்டுகிறார்கள். பாலத்தடி, வளைவு, சுரங்கம், நீர்ப்பாலம் (கால்வாயையே தாங்கிச் செல்லும் பாலம்), கட்டி நிற்கும் படகுகளின் பக்கம், இங்கெல்லாம் முந்தும் பேச்சே கூடாது. சிர்க் சுரங்கமும் 1805இல் திறந்த பொண்ட்கசுல்டே நீர்ப்பாலமும் ஒரு படகு அகலம்தான். டிரெவர் என்ற ஊரைத் தாண்டிய கடைசிப் பகுதியிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. அங்கே ஒருவர் கரையில் முன்னே நடந்து, எதிரே படகு வருகிறதா என்று போனில் சொல்வது வழக்கம்.

லாக் (படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் உள்ள, கதவு வைத்த நீர்த்தொட்டி) நெருங்கும்போதும் முந்தாதீர்கள். வழியில் உள்ள கிரிண்ட்லி புரூக் என்ற இடத்தில் ஆறு லாக்குகள், அதில் மூன்று படிக்கட்டாக ஒட்டியவை. கோடையில் அங்கே வரிசை நிற்கும். ஒருவரை முந்திப்போய் அந்த வரிசையில் அவருக்கு முன்னால் நிற்பதைக் கால்வாய்க்காரர்கள் எளிதில் மன்னிப்பதில்லை. முந்திய பிறகு அடுத்த லாக்கில் அவர் உங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றால், இறங்கிப் போய் அவருக்கு மதகைத் திறந்துவிடுங்கள்.