லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள அப்பாவின் வேலைகளை இனி நாமே செய்துவிடலாமா?

வேண்டாம். குளிப்பது, உடுத்துவது எல்லாம் சரி, மாத்திரையும் பணமும்தான் குளறுபடி என்கிறீர்கள். நினைவும் யோசனையும் வயதுக்கு மீறி மங்கினாலும் அன்றாடத்தைப் பெரும்பாலும் தானே நடத்த முடிகிற இந்த நிலையின் இயல்பே அதுதான்; பல படிகள் உள்ள வேலைகள்தான் முதலில் தடுமாறும். முழு வேலையையும் பிடுங்கிக்கொண்டால் கையில் இருக்கிற பழக்கமும் போய்விடும். கூடவே உட்கார்ந்து எந்தப் படியில் விட்டுப்போகிறது என்று பாருங்கள். அதற்கு மட்டும் முட்டுக்கொடுத்தால் போதும்.

மாத்திரையில் பல வீடுகளில் நடப்பது இது: போட மறப்பது மட்டுமல்ல, போட்டது மறந்து இன்னொன்று போடுவதும். சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையோ இரட்டித்தால் ஆபத்து. 7 நாளுக்கும் வேளைவாரியாக அறை பிரித்த டப்பா வாங்குங்கள். அவரே நிரப்பட்டும், நீங்கள் சரிபாருங்கள். அறை காலியென்றால் போட்டாயிற்று. மிச்ச அட்டைகளைக் கண்ணில் படாமல் வையுங்கள். இல்லாவிட்டால் டப்பாவில் ஒன்று, அட்டையில் ஒன்று என்று போகும். அலாரம் டப்பாவுக்குப் பக்கத்திலேயே அடிக்க வேண்டும், விழுங்கிய பிறகே அணைக்க வேண்டும். கூடத்தில் அணைத்துவிட்டு படுக்கையறைக்குப் போவதற்குள் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துவிடும். "அலாரமெல்லாம் வீண்" என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கவனிப்பதில்லை. இதில் கம்பெனி மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் வந்து நிற்கும். நல்ல நினைவுள்ளவர்களே குழம்பும்போது இவர்களை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

பணத்தில், கட்டிய பில்லையே திரும்பக் கட்டுவது வழக்கமான கோளாறு. மாதக் கட்டணங்கள் தானாகக் கழியட்டும். கைச்செலவுக்குச் சிறு தொகையுள்ள தனிக் கணக்கு போதும்.

"நோயாளியை நம்பி விடுவதா" என்று யாராவது சண்டைக்கு வரலாம். அடுப்பையும் வண்டியையும் நான் அப்படி விடச் சொல்லவில்லை. அடுப்புக்குத் தானாக அணையும் கருவி பொருத்துங்கள். வண்டி ஓட்டலாமா என்பதை முறையாகச் சோதித்தவர் சொல்லட்டும்.

மறதிக்குக் காரணமாகக்கூடிய வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, காது மந்தம், தூக்கக் கோளாறு, மனச்சோர்வு இவற்றைப் பார்த்தாயிற்றா? சில ஒவ்வாமை மாத்திரைகளும், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மாத்திரைகளும்கூட நினைவை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தாமல், எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்த நிலையிலிருந்து இயல்புக்குத் திரும்புகிறவர்களும் உண்டு.

தயவுசெய்து வருகிற உறவினர்களெல்லாம் "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்க விடாதீர்கள். டப்பா, அலாரம் எல்லாம் இருந்தும் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் வேலை நடக்கிறது என்றாகிவிட்டால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.