உடல் ஊனம் உள்ள ஒருவருக்கும் அவர் குடும்பத்தினருக்கும் இடையிலான உறவு வயதுக்கு வயது மாறுமா?

மாறும். மாற வேண்டிய நேரத்தில் மாறாமல் நின்றுவிடுவதுதான் வீட்டில் மனத்தாங்கலுக்குக் காரணமாகிறது என்பதை, 2 வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு இடது கால் சூம்பிப்போனவள் என்ற முறையில் சொல்கிறேன்.

சிறுவயதில், காலைத் தாங்கிப்பிடிக்கும் கருவியான என் காலிப்பரின் வார்களை அம்மாதான் மாட்டிவிடுவார். தொடைப்பட்டையை இறுக்கியபின், அதற்கும் என் தோலுக்கும் இடையே தம் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் போனால்தான் சரியான இறுக்கம். 13 வயதில் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு நானே மாட்டினேன். வெளியே வந்தபோது அவர் பார்வை வார்களின் மேலேயே இருந்தது, ஆனால் குனியவில்லை. அவர் எனக்குச் செய்த உதவிகளிலேயே பெரியது அன்று குனியாமல் இருந்ததுதான்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அவளுக்கு மட்டும் ஏன் இத்தனை கவனிப்பு?" என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் நியாயம்தான்.

நான் கருவுற்றபோது, குழந்தையை யார் தூக்குவது என்று உறவினர்கள் என் எதிரிலேயே பேசினார்கள். 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, பெற்றோரின் ஊனத்தைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. அப்படியொரு விதியே தேவைப்பட்டிருக்கிறது என்றால், அந்தப் பேச்சு எத்தனை வீடுகளில் எழுந்திருக்கும்! நான் தரையில் அமர்ந்தே மகளை வளர்த்தேன்.

40 வயதில் நல்ல காலிலும் வலு குறையத் தொடங்கியது. போலியோ அழித்த நரம்பணுக்களின் வேலையை மிஞ்சியவை புதிதாகக் கிளைவிட்டுச் சுமக்கின்றன. பல்லாண்டுச் சுமையில் அவையும் நலிகின்றன. முதல் நோய்க்குப் பெரும்பாலும் 15 முதல் 40 ஆண்டுகள் கழித்து வரும் இதைப் போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்கிறார்கள். உடலை வருத்தாமல், உழைப்பை அளந்து செலவிடச் சொன்னார் மருத்துவர். "பழகினால் முடியும்" என்று சொல்லியே என்னை ஆளாக்கிய அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. நான் மனம் தளர்ந்துவிட்டதாக எண்ணி அழுதார். அடுத்த முறை அவரையும் உடன் அழைத்துச் சென்று, மருத்துவர் வாயாலேயே கேட்கவைத்த பிறகுதான் அந்தச் சொல்லை விட்டார். உங்கள் வீட்டிலும் இத்தகைய நிலை இருந்தால், தயவுசெய்து குடும்பத்தினரை அழைத்துச் செல்லுங்கள்.

குனிய முடியாத நாள்களில் இப்போது மகள் வார்களை மாட்டிவிடுகிறாள். முதல் நாள் கேட்காமலே குனிந்தாள், தடுத்துவிட்டேன். மறுநாள் கேட்டாள், காலை நீட்டினேன். சுண்டுவிரலை நுழைத்துப் பார்க்க வேண்டும் என்பதை நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.