அத்தையின் நாவல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அத்தையின் வாழ்க்கையை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நடந்தது எதையும் மாற்றவில்லை. ஆனாலும் படித்த நண்பர்கள் 'நம்பும்படி இல்லை' என்கிறார்கள். மாமா இறந்த பிறகும் அத்தை வாராவாரம் அவர் சட்டைகளைத் துவைத்து, பொத்தான் போட்டு மடித்து வைப்பார். அதைக்கூட 'சினிமாத்தனம்' என்று சொல்லிவிட்டார்கள். மாற்றினால் அத்தைக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. மாற்றாவிட்டால் உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள். ஓர் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர,

'நம்பும்படி இல்லை' என்பதற்கு 'உண்மையில் நடந்தது' என்பது பதிலாகாது. வாழ்க்கை காரணம் சொல்லாமலே நடந்துவிட்டுப் போகும். நாவலுக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்களுக்கு அத்தையைச் சிறு வயதிலிருந்தே தெரியும். வாசகருக்கு இரண்டு பக்கத்துக்கு முன்னால்தான் அறிமுகம்.

1872 ஜனவரியில் ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாயின் பக்கத்துப் பண்ணையில் இருந்த அன்னா பிரோகோவா என்ற பெண் ரயில் முன் விழுந்து இறந்தார். சேர்ந்து வாழ்ந்த பண்ணையார் வேறொருத்தியை மணக்க நினைத்ததுதான் காரணம். டால்ஸ்டாய் நேரில் போய் அந்த உடலைப் பார்த்தார். அடுத்த ஆண்டு 'அன்னா கரீனினா'வைத் தொடங்கினார். முதற்பெயரும் ரயிலும் நாவலில் இருக்கின்றன. ஆனால் பண்ணைவீட்டுப் பெண்ணின் இடத்தில் ஒரு பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி, அவளுக்கொரு கணவன், மகன். பார்த்தது ஒரு முடிவை. அந்த முடிவில் போய்ச் சேரக்கூடிய வாழ்க்கையை அவரே உண்டாக்க வேண்டியிருந்தது.

உங்கள் அத்தியாயத்துக்கு வருகிறேன். சட்டைக் காட்சி எனக்குப் பிடித்திருந்தது, அதிலும் கழுத்துப் பொத்தானைக்கூட விடாமல் போடுகிற இடம். ஆனால் அடுத்த வரியிலேயே 'அவர் மேல் அவ்வளவு அன்பு' என்று எழுதிவிட்டீர்கள். சினிமாத்தனம் அங்கேதான் இருக்கிறது, சட்டையில் இல்லை. அன்பு மட்டும்தானா? எனக்கு அந்த விரல்களில் கொஞ்சம் கோபமும் தெரிகிறது. மனிதர் உயிரோடிருந்தபோது சட்டையைக் கழற்றி எங்கே வீசினார்? அதை எடுக்கும்போது அத்தை என்ன முணுமுணுத்தார்? 'அப்படியெதுவும் நடக்கவில்லையே' என்பீர்கள். நடக்காவிட்டால் என்ன, எழுதிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத அத்தை அங்கே நுழைவார். அவரை 'அன்பான விதவை' என்ற ஒற்றைச் சட்டத்துக்குள் மாட்டி வைப்பதைத்தான் நான் துரோகம் என்பேன்.

உறவினர்கள் விஷயம். 1892-இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் ஒரு கதை எழுதினார். அதில் ஒரு மருத்துவரின் மனைவி, அவளுக்கு ஓவியனான ஒரு காதலன். நிஜத்தில் செகாவின் நண்பர் லெவிடானும் ஓவியர். லெவிடானுக்கு நெருக்கமான பெண்மணியின் கணவரும் மருத்துவர். கேட்கவா வேண்டும்! ஏறக்குறைய மூன்று வருஷம் செகாவுக்கும் லெவிடானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. 42 வயதுப் பெண்மணி என் இருபது வயது நாயகியில் தன்னைக் கண்டுபிடித்துவிட்டாராம் என்று செகாவ் ஒரு கடிதத்தில் அப்பாவிபோல் எழுதுகிறார். (நான் நம்பவில்லை.) ஆக, வயதையும் ஊரையும் மாற்றி ஒளித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தேடுகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள். கதையில் இல்லாதவர்களும் 'என்னைத்தானே எழுதினாய்?' என்று வருவார்கள். சண்டையைத் தாங்க முடியாதென்றால் பிரதியைப் பெட்டியில் வைத்துவிடலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

அத்தை இப்போது இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அச்சுக்குப் போகுமுன் அவர் ஒருவர் மட்டும் படிக்கட்டும். மற்றவர்களுக்குப் புத்தகமாக வந்த பிறகு போதும்.