பழுதானால் யார் திருத்துவது? மலையகத்தில் கார் வாங்குவோர் கேட்ட கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கார் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களையே ஆளுக்கு ஆள் மாற்றி ஓட்டினோம். அவற்றுக்கு வயது ஏறிவிட்டது, விலை மட்டும் இறங்கவில்லை. பத்து வயது கடந்த காரை லீசிங்கில் எடுக்கும்போது, அது பழுதானால் என்ன செலவு என்பதையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள், கொட்டகலையில் இருக்கிறோம். தோட்டத்து ரோட்டில் கொஞ்ச தூரம், அப்புறம் ஹட்டன் வரை மெயின் ரோடு. இடைக்கிடை கொழும்புப் பயணமும் உண்டு. 2014 ஹொண்டா வெசல் ஹைபிரிட் எடுக்கலாம் என்கிறார் தம்பி. டொயோட்டா அக்வா போதும் என்கிறார் கணவர். ஹைபிரிட்டே வேண்டாம், கொரோல்லா 121 ஒன்றைத் தேடு என்கிறார் அப்பா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டீச்சர், பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்ததுதான் ஹைபிரிட். அந்த ஒரே பெயரில் விற்றாலும் வெசலும் அக்வாவும் உள்ளே முற்றிலும் வேறு வேறு. அதனால் அப்பாவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி இல்லை.

முதலில் வெசல். 2014 மாடலில் இருப்பது 7 கியர் கொண்ட இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். கிளச்சை நீங்கள் மிதிப்பதில்லை, கணினி மிதிக்கிறது. அது எண்ணெயில் ஊறாத உலர் கிளச். கினிகத்தேனை ஏற்றத்தில் முன்னால் பஸ் ஒன்று ஊர்கிறது, நீங்களும் பின்னால் ஊர்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த நேரம் முழுக்கக் கிளச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டிருக்கும். சூடு ஏறும். பற்றரியில் சார்ஜ் இருக்கும்வரை மோட்டார் கைகொடுக்கும். நீண்ட ஏற்றத்தில் சார்ஜ் இறங்கிவிட்டால் சுமை கிளச்சில்தான் விழும். கியர்பொக்ஸ் சூடாகிவிட்டது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை வந்தபின்னும் ஓட்டினால் சேதம் கூடும். இதே கியர்பொக்ஸோடு 2013 செப்டெம்பரில் ஜப்பானில் வந்த ஃபிட் ஹைபிரிட்டை, 2014 ஒக்டோபருக்குள் ஹொண்டாவே ஐந்து தடவை திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. பின்னால் மென்பொருள் திருத்தங்கள் வந்தன. நீங்கள் பார்க்கும் காருக்கு அவை போடப்பட்டனவா என்பதைச் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

அக்வாவில் இந்தத் தொல்லையே கிடையாது. உரச ஒரு கிளச் அதில் இல்லை, தேய ஒரு பெல்ட் இல்லை. எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் ஊர்ந்தாலும் கியர்பொக்ஸுக்கு நோவதில்லை. அக்வாவின் செலவு வேறு இடத்தில் வரும்: ஹைபிரிட் பற்றரி, பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் அக்சுவேட்டர், பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டர். இவற்றில் எது போனாலும் சிறிய தொகையில் முடியாது. ஆனால் அக்வா நாட்டில் நிறைய ஓடுகிறது. சாமான் கிடைக்கும், கழற்றிப் பழகிய கைகளும் உண்டு. ஒரு குறை, கார் தாழ்வு. உங்கள் தோட்டத்து ரோட்டில் கல் துருத்திக்கொண்டிருந்தால் அடிப்பக்கம் தட்டும். அந்த ஒரு விசயத்தில் வெசல்தான் மேல்.

கொரோல்லா 121ஐ எந்தக் கராஜிலும் பிரிப்பார்கள். காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனர் இல்லாமலே, மெக்கானிக்குக்குக் காதும் கையும் போதும். ஆனால் அதற்கும் இருபது வயதாகிவிட்டது. அடித்தட்டில் துரு, சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர் என்று சில்லறைச் செலவுகள் வந்துகொண்டே இருக்கும். பெற்றோலும் கூடக் குடிக்கும். என்றாலும் ஒரேயடியாக இலட்சக்கணக்கில் கேட்டு நடுரோட்டில் நிறுத்தாது.

என் முடிவைக் கேட்டால், கணவர் சொல்வதுதான் உங்களுக்குப் பொருந்தும். தோட்டத்து ரோடு மிக மோசமென்றால் மட்டும் வேறு யோசியுங்கள்.

எதை எடுத்தாலும் அட்வான்ஸ் கொடுக்குமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஹட்டனில் நீங்கள் வழக்கமாகப் போகும் கராஜில், "இந்த மாடலின் கியர்பொக்ஸை கடைசியாக எப்போது கழற்றினீர்கள்?" என்று கேளுங்கள். "கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று பதில் வந்தால், ஏறத்தாழ 130 கிலோமீற்றர் காரை ஏற்றி அனுப்பும் கூலியும், நீங்கள் பஸ்ஸில் போகப்போகும் வாரங்களும் அந்தக் காரின் விலையோடு சேர்ந்தவை. அடுத்தது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு சாமான் கடைக்குப் போன் போட்டு, கியர்பொக்ஸ், பிரேக் அக்சுவேட்டர், முன் லைட் மூன்றும் கையிருப்பில் உண்டா, என்ன விலை என்று கேளுங்கள். லைட்டைச் சேர்க்கக் காரணம், மலை ரோட்டில் முன்பக்கம் இடிபடுவது சாதாரணம். எல்.இ.டி. லைட் ஒன்றின் விலையைக் கேட்டு வாயடைத்துப் போனவர்கள் பலர்.

டெஸ்ட் டிரைவ் டவுனுக்குள் வேண்டாம். ஏற்றத்தில் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, மெல்ல எடுத்துப் பாருங்கள். எடுக்கும்போது கார் உதறினால் விட்டுவிடுங்கள். ஸ்கேன் பண்ணுவது இந்த ஓட்டத்துக்குப் பிறகுதான். விற்பவர் முதல்நாள் அழித்து வைத்த கோளாறுக் குறிகள், ஏற்றத்தில் ஓடினால் திரும்ப வந்துவிடும்.

லீசிங் கம்பனி கியர்பொக்ஸுக்குக் காசு தராது, இன்சூரன்ஸும் தராது. விபத்துக்குத்தான் இன்சூரன்ஸ், இயந்திரக் கோளாறுக்கு இல்லை. கார் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. ஆகவே கையிலுள்ள காசு முழுவதையும் முற்பணமாகக் கொட்டிவிடாமல் ஒரு பகுதியைத் திருத்தச் செலவுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் ஹயர் ஓடுகிறேன், அண்ணே. டாக்டர் ஒருவர் வரிச்சலுகைப் பெர்மிட்டில் எடுத்த பி.எம்.டபிள்யூ 520டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஒரு ஜப்பான் காரின் விலைதான் சொல்கிறார்கள். கல்யாண ஹயருக்கு நல்ல காசு வரும் என்று நினைக்கிறேன்.

பதில்: தம்பி, அந்தக் காருக்கு ஏன் அந்த விலை என்று சந்தைக்குத் தெரியும். 2007 முதல் சில வருடங்கள் வந்த பி.எம்.டபிள்யூ 4 சிலிண்டர் டீசல் எஞ்சின்களில், என்47 என்பார்கள், டைமிங் செயின் பின்பக்கம், அதாவது கியர்பொக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தளர்ந்தால் அதைத் தொடுவதற்கே கியர்பொக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டும். அறுந்தால் எஞ்சினே போய்விடும். காலையில் குளிரோடு இருக்கும்போது முதல் ஸ்டார்ட் போட்டு, பின்பக்கத்திலிருந்து உலோகம் உரசுவதுபோல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். நீங்கள் போகும்போது கார் ஏற்கெனவே சூடாக இருந்தால், மறுநாள் விடியற்காலை வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள்.

இன்னொன்று. சாதாரண 12 வோல்ட் பற்றரி மாற்றினாலும் அதை ஸ்கேனர் மூலம் காரில் பதிய வேண்டும். பல சாமான்களுக்கும் இப்படித்தான். பண்டாரவளையில் அதைச் செய்ய ஆள் இல்லையென்றால், ஒவ்வொரு சின்ன வேலைக்கும் கொழும்பு போக வேண்டிவரும், அந்த நாட்களில் ஹயரும் இல்லை. வீட்டில் இன்னொரு வாகனம் உள்ளவருக்கு அந்தக் கார் சரி. அதை நம்பியே பிழைப்பவருக்கு வேண்டவே வேண்டாம். வேறு ஐரோப்பியக் கார் பார்த்தாலும், டைமிங் பெல்ட் எஞ்சின் எண்ணெய்க்குள் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். ஃபோர்ட் 1.0 ஈகோபூஸ்ட், பேஜோ 1.2 பியூர்டெக் எஞ்சின்களில் அந்தப் பெல்ட் உரிந்து எண்ணெய் வழியை அடைப்பது உலகமறிந்த கோளாறு.

கேள்வி: புசல்லாவையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் அக்வாவில் பி0ஏ80 என்று ஹைபிரிட் பற்றரிக் கோளாறுக் கோட் வந்தது. ஒரு கராஜில் முழுப் பற்றரியும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் இரண்டு செல் மாற்றினால் போதும், பத்தில் ஒரு பங்கு காசுதான் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்வோம். அக்வா பற்றரி 20 தனித்தனித் துண்டுகள் சேர்ந்தது, கராஜில் செல் என்பது இவற்றைத்தான். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 144. ஒன்று பலவீனமானாலே அந்தக் கோட் வரும். சில நேரம் துண்டுகளை இணைக்கும் செம்புத் தகடுகளில் பச்சை படிந்து, தொடுப்பு கெட்டும் வரும். நம் ஊர் ஈரத்துக்கு அது புதுமையில்லை. அப்படியானால் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

ஆனால் உண்மையிலேயே இரண்டு துண்டுகள் செத்திருந்தால், மற்ற 18உம் அதே வயதுதான். இரண்டை மாற்றிச் சில மாதம் ஓடும், பிறகு வேறொன்று விழும். காரை சீக்கிரம் விற்கப் போகிறவருக்குச் செல் மாற்றுவது இலாபம், வாங்குபவருக்கு நட்டம். நீங்களே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் முழுப் பற்றரி. அதிலும் "புதுப் பற்றரி" என்று சொல்லிப் பழைய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துத் தருகிறவர்கள் உண்டு. புதிய செல்லா, பாவித்த செல்லா, எத்தனை மாத உத்தரவாதம் என்பதெல்லாம் பில்லில் எழுதப்பட வேண்டும். உங்கள் பழைய பற்றரிக்கும் பெறுமதி உண்டு, அதைக் கழித்துக் கேளுங்கள். முடிவெடுக்குமுன் ஏற்றத்தில் ஓடும்போது ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜும் ஸ்கேனரில் எப்படி விழுகிறது என்பதை போனில் படம்பிடித்துத் தரச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றாக இறங்கி ஒன்று மட்டும் தொப்பென்று விழுந்தால், கோளாறு எங்கே என்பது கண்ணுக்கே தெரியும். காட்ட மறுக்கும் கராஜில் வேலை கொடுக்க வேண்டாம்.

பின் சீற்றை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் இருக்கும், பற்றரியைக் குளிராக்க காற்று போகும் வழி அது. அதன் மேல் கம்பளியோ காய்கறிப் பையோ வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் வலையில் தூசியும் முடியும் அடைத்துக்கொள்ளும். சர்வீசின்போது அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் செம்மஞ்சள் நிற வயர்களில் நீங்களோ பழக்கமில்லாத எலக்ட்ரீசியனோ கை வைக்கவே கூடாது. உயிர் ஆபத்து.

கேள்வி: பதுளையில் இருந்து நுவரெலியாவுக்கு அடிக்கடி போகிறேன். 24 கிலோவாட்-மணி பற்றரியுள்ள நிசான் லீஃப் மின்சாரக் கார் மலிவாகக் கிடைக்கிறது. பற்றரியின் நிலையைக் காட்டும் 12 கோட்டில் 8தான் தெரிகிறது.

பதில்: வேண்டாம் ஐயா. 8 கோடு என்றால் புதிதாக இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம், சுமார் 16 யுனிட் (கிலோவாட்-மணி). பதுளை 680 மீற்றர் உயரத்தில், நுவரெலியா 1868 மீற்றரில். ஆட்களோடு 1800 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கவே 6 யுனிட்டுக்குக் கிட்டப் போய்விடும். தூரத்துக்கான செலவு அதற்கு மேல். போய்ச் சேரலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடக்கும். பதுளை டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு அது மோசமான காரில்லை. லீஃப் பற்றரியைக் கெடுப்பது சூடு, கொழும்பில் ஓடியதைவிட மலையில் ஓடியது நன்றாக இருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: கண்டியில் ஒரு கார் சேலில் வெகன் ஆர் வாங்கி மூன்று வாரம்தான், கியர்பொக்ஸ் இழுக்கவில்லை. "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்று கை விரிக்கிறார்கள். பில் சிங்களத்தில் இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாது. – நாவலப்பிட்டி வாசகி

பதில்: முதல் வேலையாக, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து அந்தப் பில்லை வாசிக்க வையுங்கள் அக்கா. உள்ளபடியே ஏற்றுக்கொண்டேன் என்ற வரி இருந்தாலும் அதோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதே நாளில் வேறொரு கராஜில் ஸ்கேன் பண்ணி, கோளாறு என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். அதுவரை எவரும் கியர்பொக்ஸைப் பிரிக்கக் கூடாது. பிரித்துவிட்டால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். அந்தக் காரில் இருப்பது பல்சக்கரக் கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. கியர்பொக்ஸ், அதற்குரிய எண்ணெய் தவிர வேறு ஊற்றினால் கெடும். என்ன எண்ணெய் இருக்கிறது, என்ன நிறம் என்பதையும் அந்த அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிறகு கார் சேலுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குவது அது. தொலைபேசி 1977. போனில் சொல்வதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மாவட்டச் செயலகத்தில், நாம் கச்சேரி என்போமே, அங்கேயே அவர்களின் அலுவலகம் உண்டு. தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. யாரும் சிங்களத்தில் எழுதி வா என்று திருப்பி அனுப்ப முடியாது. பில்லின் பிரதி, விளம்பரத்தின் படம், வட்ஸ்அப்பில் அவர்கள் "கியர்பொக்ஸ் நல்லம்" என்று அனுப்பியிருந்தால் அதுவும் இணையுங்கள்.

இது வியாபாரியிடம் வாங்கியவர்களுக்கான வழி. தனியாளிடம் வாங்கியவர்கள் சட்டத்தரணி ஒருவரிடம்தான் போக வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அக்கா. கடிதத்தை இந்த வாரமே போடுங்கள், தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.