கட்டாருக்கு வந்து சில மாதம்தான், இரவில் நித்திரை இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. மனதை எப்படித் திடமாக வைத்துக்கொள்வது?

தம்பி என்று நினைத்து எழுதுகிறேன், தங்கச்சி என்றால் குறை நினைக்க வேண்டாம். ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடன் இன்னும் முடிந்திருக்காது, வீட்டில் "நல்லா இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் அழுகிறீர்கள். சரிதானே?

நான் திருகோணமலை. டோஹாவில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வீட்டோடு அடிக்கடி கதையுங்கள் என்றுதான் எல்லோரும் புத்தி சொல்வார்கள். கதைப்பதைக் குறையுங்கள் என்கிறேன் நான்.

2022இல் ஊரில் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மனுசி விடியற்காலை ஐந்தரைக்கு வரிசையில் நின்று வட்சப்பில் படம் அனுப்புவா, டோஹாவில் அப்போது மூன்று மணி, நான் எழும்பி இருந்து பார்ப்பேன். பார்த்து? டோஹாவிலிருந்து சிலிண்டரை உருட்டியா விட முடியும்? காலையில் வேலைத்தளத்தில் கண் சொருகும், சூப்பர்வைசர் ஏசுவான், அந்தக் கோபத்தை மறுபடி போனில் அவவிடம் காட்டுவேன்.

பிறகு கறாராகச் சொல்லிவிட்டேன். எனக்கு மாலை ஆறு, உங்களுக்கு எட்டரை, பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள், கதை அப்போது மட்டும். காசுக் கணக்கு வெள்ளிக்கிழமை மட்டும். மனுசி கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "காசைக் கண்டதும் ஆள் மாறிவிட்டார்" என்றா மாமி. ஆனால் அதற்குப் பிறகுதான் மகள் பள்ளிக்கூடக் கதை சொல்ல ஆரம்பித்தாள், எனக்கும் நித்திரை வந்தது. ஆஸ்பத்திரி, செத்தவீடு என்றால் எந்நேரமும் எடுக்கலாம் என்றும் சொல்லித்தான் வைத்திருந்தேன், ஆகவே கல்நெஞ்சன் என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம், லீவு நாளில் கட்டிலுக்குத் திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். நாங்கள் வெள்ளிக்கிழமையில் டின் தேங்காய்ப்பாலில் சொதி வைப்போம், பக்கத்துக் கட்டில் மலையாளிச் சேட்டன் மீன் பொரிப்பார். பொழுதுபட்டதும் கடலோரக் கோர்னிஷ் பக்கம் நடப்போம். ஜூன் முதலாம் திகதியிலிருந்து செப்டம்பர் 15 வரை பத்து மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் வெளிவேலையே தடை, அந்த வெயிலில் உங்களை நடக்கச் சொல்லவில்லை.

சாப்பாடே இறங்கவில்லை, சாகலாம் போல இருக்கிறது என்றால் இதெல்லாம் போதாது. கட்டாரில் 16000க்கு எடுத்து மனநல உதவி கேளுங்கள், வெட்கப்பட எதுவுமில்லை. இலங்கையில் உங்கள் ஆட்களும் மனம் உடைந்து போயிருந்தால் அவர்களுக்கு அங்குள்ள மனநல உதவி எண் 1926.

இவ்வளவும் தாங்கி மிச்சம் பிடித்த காசோடு நிலாவெளிப் பக்கம் ஒரு துண்டு காணி பார்க்கப் போனேன். "கட்டார்க்காரர்தானே" என்று சிரித்துக்கொண்டே புரோக்கர் விலையை ஏற்றிவிட்டான். ஏசி அறைக்குள் இருந்தா உழைத்தேன்? நீங்களும் காணிக்குத்தான் சேர்க்கிறீர்கள் என்றால், விலை பேச மச்சானை அனுப்புங்கள், நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.