வாசகர் கேள்வி: சுவிஸில் அகதி விண்ணப்பம்

கேள்வி: என் மகன் சுவிட்சர்லாந்தில் அகதி விண்ணப்பம் செய்துள்ளான். அவனது விவரங்கள் இலங்கை அரசுக்குப் போகுமா? நிராகரித்தால் உடனே அனுப்பிவிடுவார்களா? – ஒரு தாய், கோப்பாய்

பதில்: அம்மா, உங்கள் முதற் பயத்துக்கு அந்நாட்டுச் சட்டத்திலேயே விடை உண்டு. விண்ணப்பதாரரையோ உறவினரையோ ஆபத்தில் தள்ளக்கூடிய தனிப்பட்ட விவரங்களைச் சொந்த நாட்டு அரசுக்குக் கொடுப்பதைப் புகலிடச் சட்டத்தின் 97ஆம் பிரிவு தடுக்கிறது.

2019 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள விரைவு விசாரணை முறையில், கூட்டாட்சி அரசின் புகலிட மையத்தில் தங்கியிருப்போருக்கு அரசே இலவச சட்டப் பிரதிநிதியை ஏற்படுத்திக் கொடுக்கிறது, மொழிபெயர்ப்பாளரும் இருப்பார். நிராகரிக்கப்பட்டால் சென்ட் காலனிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் விரைவு முறையில் அதற்குரிய அவகாசம் பொதுவாக 7 வேலை நாட்கள்தான். மேலும் விசாரிக்க வேண்டியிருப்பதால் நீட்டிக்கப்பட்ட விசாரணைக்கு மாற்றப்பட்டிருந்தால் 30 நாட்கள். மேன்முறையீட்டில் வெற்றி வாய்ப்பில்லை என்று கருதினால் அந்தப் பிரதிநிதி விலகிக்கொள்ளலாம் என்பதால், நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த அன்றே மகன் அவரோடு பேச வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும், திருப்பி அனுப்புவது சட்டப்படி தகாது எனக் கண்டால் தற்காலிக அனுமதியான 'எஃப்' அட்டை வழங்கப்படுவதுண்டு.

ஊரிலிருந்து ஆவணம் அனுப்புவதானால் பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, நீதிமன்றப் பத்திரம் போன்றவற்றை அனுப்புங்கள். சமாதான நீதவானிடம் கேட்டு வாங்கும் கடிதங்களுக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. மகன் விசாரணையில் சொன்னதோடு அவை முரண்பட்டால் அவன் சொன்ன உண்மையும் சந்தேகத்துக்குள்ளாகும்.